ரிட்டர்ன் பம்ப் வாங்குவதற்கு முன்: ஏசியா டிசியா, ஒன்றா இரண்டா?

பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு விளக்கில் தொடங்கி, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்குப் போகும், அங்கிருந்து எந்த உப்பு நல்லது என்பதில் வந்து நிற்கும். சம்பிலிருந்து, அதாவது கேபினெட்டுக்குள் இருக்கும் கீழ்த்தொட்டியிலிருந்து, தண்ணீரை மேல் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்பைப் பற்றி அதிகம் பேச்சு வராது. அது பாட்டுக்குக் கேபினெட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் சம்ப் வைத்த தொட்டியில் 24 மணி நேரமும், வருடம் முழுக்க, நிற்காமல் ஓட வேண்டிய கருவி அதுதான். விளக்கு ஒரு நாள் எரியாவிட்டால் பவளம் தாங்கிக்கொள்ளும். ஸ்கிம்மர் இரண்டு நாள் நின்றாலும் பெரிய கேடு இல்லை. ரிட்டர்ன் பம்ப் நின்றால் கீழே ஸ்கிம்மரும் ரியாக்டரும் சில்லரும் ஓடினாலும் பிரயோஜனம் கிடையாது. அவை சுத்தம் செய்த தண்ணீர் மேலே ஏறுவதில்லை.

நான் இருப்பது சிங்கப்பூரில். இங்கேயும் சென்னை, கொழும்பு, கோலாலம்பூர் போன்ற ஊர்களிலும் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு. குளிர்நாட்டில் பம்ப் நின்றால் தொட்டி மெல்லக் குளிரும். நமக்குச் சூடேறும். வீட்டுக்குள் 30, 31 டிகிரி இருக்கும்போது தொட்டியை 26 டிகிரியில் பிடித்து வைப்பது சில்லர். பெரும்பாலான வீடுகளில் சில்லருக்குத் தண்ணீர் போவது சம்பிலிருந்துதான். பம்ப் நின்றதும் சில்லர் சம்பில் இருக்கும் கொஞ்சத் தண்ணீரை மட்டும் குளிரவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று அணைந்துவிடும். மேல் தொட்டி ஒரு பகல் போவதற்குள் வீட்டின் சூட்டுக்கு வந்துவிடும். கடல்நீரில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 6.2 அளவுக்கு இறங்கிவிடும். சூடு ஏறினால் மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடும். தேவை கூடுகிற நேரத்தில் இருப்பு குறைகிறது, அதுதான் ஆபத்து.

"அண்ணே, எந்த பிராண்ட் வாங்கலாம்?" என்பதுதான் புதிதாகத் தொட்டி வைக்கும் தம்பிமார் முதலில் கேட்பது. பிராண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன் இரண்டு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். இந்தப் பம்ப் பழுதானால் எப்படிப் பழுதாகும்? பழுதான அன்றைக்குத் தண்ணீர் மறுபடி ஓட எவ்வளவு நேரம் ஆகும்? எந்தப் பம்பும் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை இரவு, கடையெல்லாம் மூடிய பிறகு அது நின்றால் வீட்டில் இருக்கிற சாமானை வைத்து ஓட்டிவிட முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் நான் ஒரு பம்பை நம்பகமானது என்று சொல்வேன்.

முதலில் அளவு

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம். நம் வீடுகளில் அதிகம் காண்கிற நாலடித் தொட்டி, பாறையும் மணலும் போக ஏறக்குறைய 400 லிட்டர். இதற்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

தொட்டிக் கொள்ளளவைப் போலப் பத்து மடங்கு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வேவ்மேக்கர் பரவலாக வராத காலத்தில் தொட்டிக்குள் நீரோட்டம் முழுவதையும் ரிட்டர்ன் பம்பே உண்டாக்க வேண்டியிருந்தது, அதனால் அந்தக் கணக்கு. இப்போது பவளத்துக்கு வேண்டிய அலையை வேவ்மேக்கர் தருகிறது. ரிட்டர்ன் பம்பின் வேலை தண்ணீரை சம்புக்கும் தொட்டிக்கும் இடையே சுற்ற வைப்பது மட்டும்தான். மணிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு போதும். 400 லிட்டர் தொட்டிக்கு 1200 முதல் 2000 லிட்டர். அதற்கு மேல் போனால், தொட்டித் தண்ணீர் சம்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோவில் சத்தம், சம்பில் நுரை, தொட்டியில் பொடிக் குமிழ், மின்கட்டணம். எல்லாம் கூடும், பவளத்துக்கு லாபம் ஒன்றும் இருக்காது.

ஆனால் இந்த 1200, 2000 எல்லாம் மேலே தொட்டிக்குள் திறக்கும் குழாய் முனையில், அதாவது நாசில் வாயில், விழ வேண்டிய தண்ணீர். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் வேறு. அது தண்ணீரை ஒரு அடிகூட உயர்த்தாமல் அளந்தது. சம்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் மேல்விளிம்பு வரைக்கும் நம் ஸ்டாண்டுகளில் 1.3 முதல் 1.5 மீட்டர் வரும். குழாயைத் திருப்பும் ஒவ்வொரு எல்போவும், ஒவ்வொரு வால்வும், குழாயின் உள்சுவரும் அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்றும். சில்லரையும் அதே லைனில் கோர்த்துவிட்டால் இன்னும் ஏறும். இத்தாலியின் சிச்சே சிங்க்ரா சைலன்ட் 3.0 பம்பின் பெட்டியில் 2700 லிட்டர், அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்று இருக்கும். 1.5 மீட்டரில் அது தருவது கிட்டத்தட்ட பாதி. அதுவே நம் 400 லிட்டர் தொட்டிக்கு மூன்று மடங்குக்கு மேல், ஆகச் சரியான பம்ப். ஜெர்மனியின் ஈஹைம் 1262 பெட்டியில் 3400 லிட்டர், 3.6 மீட்டர், 80 வாட் என்று போட்டிருக்கும். நம் கணக்கின் மேல் எல்லைக்கு அது சரியாக வரும், சில்லரையும் சேர்த்து இழுக்கும்.

பம்பின் கூடவே வரும் வளைகோட்டுப் படத்தில் உங்கள் உயரத்துக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள். மாட்டிய பிறகு அளந்தும் பாருங்கள். நாசிலில் ஒரு ஹோஸ் துண்டைச் செருகி 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 20 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1800 லிட்டர். அந்த விநாடியைக் கேபினெட் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள். சில மாதம் கழித்து அதே வாளி நிறைய 28 விநாடி ஆனால் பம்பைக் கழற்றிக் கழுவும் நேரம் வந்துவிட்டது.

குழாயைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி போதும்: பம்பின் வாய் எந்த அளவோ அதைவிட ஒரு சைஸ் பெரிய பிவிசி. 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போடுங்கள்.

ஏசி பம்ப்

சுவரில் வரும் மாறுமின்சாரத்தில் (ஏசி) நேராக ஓடுவது இது. செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். உள்ளே நகரும் பொருள் ஒன்றே ஒன்று: காந்த உருளையோடு சேர்ந்த இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளும் சக்கரம். அது பீங்கான் தண்டு ஒன்றின் மேல் சுற்றும். தண்டின் இரு முனையிலும் ரப்பர் புஷ். காயில் (கம்பிச்சுருள்) முழுவதும் எபாக்ஸிக்குள் புதைந்திருக்கும், தண்ணீர் தொடாது. எலக்ட்ரானிக்ஸ் போர்டு, கன்ட்ரோலர், அடாப்டர் எதுவும் கிடையாது. ஈஹைமின் 1250, 1260, 1262 வரிசை, சிச்சே சிங்க்ரா, டுன்சே, அமெரிக்காவின் மேக் டிரைவ் எல்லாம் இந்த வகை. மேக் டிரைவ் நன்றாக உழைக்கும், ஆனால் சத்தமும் சூடும் அதிகம். வரவேற்பறைக்கு நான் சொல்லமாட்டேன்.

இவற்றின் பலம் பழுதாகும் விதத்தில் இருக்கிறது. காயில் எரிவது அபூர்வம். தேய்வதும் உடைவதும் இம்பெல்லரும் தண்டும் புஷ்ஷும்தான், அவை மூன்றும் தனியாகக் கிடைக்கும். குக்கருக்கு ஒரு கேஸ்கெட் எடுத்து வைப்பது மாதிரி ஒரு இம்பெல்லர் செட்டை டிராயரில் போட்டு வைத்தால் போதும், நள்ளிரவில்கூடப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஏசி பம்பின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடும். நம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3000 சுற்று, அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் 3600. அதனால் ஒரே பெயருள்ள பம்புக்கு இரண்டு நாட்டிலும் இம்பெல்லர் வேறு வேறாக இருக்கும். 60 ஹெர்ட்ஸ் இம்பெல்லர் சற்றுச் சின்னது. அமெரிக்கத் தளத்தில் மலிவாக இருக்கிறதே என்று ஸ்பேர் வரவழைத்தால் அது உள்ளே உட்காரும், ஓடும், ஆனால் தண்ணீர் குறைவாக வரும். பார்ட் நம்பரைச் சரிபார்த்து 50 ஹெர்ட்ஸுக்கு உரியதை வாங்குங்கள். அமெரிக்க விமர்சனங்களில் படிக்கும் ஓட்டக் கணக்கும் இங்கே அப்படியே வராது.

ஏசி பம்பின் உண்மையான பலவீனம் மறுபடி கிளம்புவதில் இருக்கிறது. பவளத் தொட்டியில் கால்சியமும் காரத்தன்மையும் உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும். கால்சியம் கார்பனேட் சூடான இடத்தில்தான் முதலில் படியும், தொட்டியில் சூடான இடங்களில் ஒன்று பம்பின் உள்வாய். காந்த உருளையைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஓடு மெல்ல வளரும். சுற்றிக்கொண்டே இருக்கும்வரை உருளை அந்த வெள்ளைப் படிவைத் தேய்த்துக்கொண்டே ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் கரண்ட் போய் வரும். நின்ற உருளை அந்த இறுக்கத்தை மீறிக் கிளம்ப வேண்டும். ஏசி மோட்டாருக்குக் கிளம்பும் வலு குறைவு. உர்ர் என்று ஒரு முனகல் மட்டும் கேட்கும், தண்ணீர் வராது. வருடக்கணக்கில் ஓடிய பம்ப் கரண்ட் போன அன்றைக்கு செத்துவிட்டது என்று சொல்பவர்களின் பம்பைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது இந்த ஓடுதான்.

இதற்கு மருந்து எளிது. மாதம் ஒருமுறை நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே பம்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். தயங்காமல் கிளம்பினால் சரி. தயங்கினாலோ கடகடவென்று சத்தம் போட்டாலோ கழுவ வேண்டும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த வாளியில் அதை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அப்புறம் திறந்து, பழைய டூத்பிரஷால் உள்வாயைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலசும்போது ரப்பர் புஷ் இரண்டும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்க்கில் வழுக்கிப் போவது அதுதான். காந்த உருளையின் மேல்பூச்சில் கீறலோ வீக்கமோ இருந்தால் அந்த இம்பெல்லரை மறுபடி போடாதீர்கள். கீறல் வழியாக உப்புநீர் உள்ளே போனால் காந்தம் துருப்பிடித்து ஊதும், உலோகமும் தொட்டியில் கலக்கும். மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் இந்தக் கழுவல் தேவைப்படும். கால்க்வாசர் (சுண்ணாம்புக் கரைசல்) ஊற்றுபவர்களுக்கு இன்னும் சீக்கிரமே.

தமிழ்நாட்டில் அடிக்கடி கரண்ட் போகும் ஊர்களில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தரம் படிக்கவும். சிங்கப்பூரில் வருடத்தில் ஒருமுறை வரும் சோதனை உங்களுக்கு வாரத்தில் ஒருமுறை வரலாம்.

சத்தம் இன்னொரு விஷயம். 50 ஹெர்ட்ஸ் மோட்டார் விநாடிக்கு 100 தடவை அதிரும். நல்ல ஏசி பம்ப் தண்ணீருக்குள் அமைதியாகவே இருக்கும். அது விறைப்பான பிவிசியில் நேரடியாகப் பிணைந்தால் கேபினெட் முழுவதும் சேர்ந்து ரீங்காரம் போடும். பம்புக்கும் பிவிசிக்கும் நடுவே ஒரு சாண் சிலிக்கோன் ஹோஸ், பம்புக்கு அடியில் ஒரு சிலிக்கோன் மெத்தை. பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும்.

டிசி பம்ப்

இப்போது கடைகளில் முன்வரிசையில் இருப்பவை இவை. மலிவில் சீனாவின் ஜெபாவ், நடுவில் ரீஃப் ஆக்டோபஸ் வேரியோஸ், சிச்சேயின் எஸ்டிசி, அதற்கு மேல் அமெரிக்காவின் ஈக்கோடெக் வெக்ட்ரா, நெப்டியூன் கோர். பெரும்பாலானவை, அடாப்டர் தரும் 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டிசி) ஓடும் பிரஷ் இல்லாத மோட்டார். வேகத்தை ஏற்றி இறக்கலாம். உணவு போடும்போது ஒரு பொத்தானை அமுக்கினால் பத்து நிமிடம் நின்று தானே கிளம்பும். மெதுவாகச் சுற்ற ஆரம்பிப்பதால் தண்ணீர் சட்டென்று பீய்ச்சாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பலவற்றில் தானே நிற்கும் வசதி உண்டு. சத்தம் ஏசியைவிடத் தெளிவாகக் குறைவு. படுக்கையறையிலோ சோபாவுக்குப் பக்கத்திலோ தொட்டி இருந்தால் இது சின்ன விஷயம் கிடையாது.

எனக்கு இதில் உள்ள பெரிய ஈர்ப்பு வேறு. உப்புநீருக்குள் 230 வோல்ட் இறங்குவதில்லை. ஏசி பம்பின் வயர் உறை வருடங்கள் போகப் போக இறுகி, கழுத்தில் ஒரு விரிசல் விடும்போது, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி டிரிப் ஆகும். உயிரைக் காக்கும் வேலைதான் அது. ஆனால் வீடு முழுவதும் டிரிப் ஆனால் பம்போடு வேவ்மேக்கரும் சில்லரும் சேர்ந்து நிற்கும், நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். ஏசி வாங்குபவர்கள் பம்புக்கென்று தனியாக, அதே வேலையைச் செய்யும் ஒரு ஆர்சிடி அடாப்டர் போட்டு, வேவ்மேக்கரை வேறு சாக்கெட்டில் வைப்பது நல்லது.

சரி, டிசி எப்படிப் பழுதாகும்? மோட்டார் எளிதில் கெடாது. கெடுவது கன்ட்ரோலர், அடாப்டர், இரண்டையும் இணைக்கும் பின் (கனெக்டர் முனை). கேபினெட்டுக்குள் காற்றே உப்பாக இருக்கும். வயர் வழியே ஊர்ந்து வரும் உப்புத்துளி பின்னுக்குள் இறங்கினால் பச்சை பூக்கும், தொடர்பு விட்டு விட்டு வரும், கடைசியில் சூடாகிக் கருகும். கன்ட்ரோலரைக் கேபினெட்டுக்கு வெளியே, பம்பைவிட உயரத்தில் மாட்டுங்கள். வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் துளி வளைவின் அடியில் சொட்டிவிடும், பின்னுக்குப் போகாது.

கன்ட்ரோலர் போய்விட்டால் என்ன செய்வது என்பதில்தான் என் தயக்கமெல்லாம் இருக்கிறது. ஏசி இம்பெல்லர்கள் ஆண்டுக்கணக்கில் அதே வடிவில் கிடைக்கின்றன. டிசி மாடல்கள் அடிக்கடி மாறும், மாறும்போது பின்னும் வோல்ட்டும் மாறும். நண்பர் ஒருவரின் பம்ப் மோட்டார் இன்றும் புதிதுபோல் இருக்கிறது. அதன் கன்ட்ரோலர் எரிந்தபோது அந்த மாடலே நின்றுபோயிருந்தது, புது மாடலின் கன்ட்ரோலர் பொருந்தவில்லை. நல்ல மோட்டார் அலமாரியில் கிடக்கிறது. டிசி வாங்கினால் அன்றைக்கே ஒரு ஸ்பேர் கன்ட்ரோலரும் அடாப்டரும் சேர்த்து வாங்கி, அந்தத் தொகையையும் பம்பின் விலையில் கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள். மலிவு டிசியின் மலிவு அதில் பாதி கரைந்துபோகும்.

வேகத்தைக் குறைக்கலாம் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வேகம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்று நினைத்து, பெரிய பம்பாக வாங்கிக் குறைத்து ஓட்டலாம் என்று திட்டமிடுபவர்கள் உண்டு. பம்ப் தண்ணீரைத் தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்தோடு இறங்கும். 5 மீட்டர் தூக்கும் பம்பைப் பாதி வேகத்துக்குக் கொண்டுவந்தால் அது தூக்குவது 1.25 மீட்டர்தான். உங்கள் தொட்டி 1.4 மீட்டர் உயரம் என்றால் தண்ணீர் குழாய்க்குள் ஏறி, நாசிலுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிடும். பம்ப் ஓடும், விளக்கு எரியும், ஒரு சொட்டும் விழாது. 60, 70 சதவீத வேகத்துக்கு மேல்தான் நம் ஸ்டாண்ட் உயரத்தில் பயன்படக்கூடிய வீச்சு இருக்கும். அந்த வீச்சுக்குள் வசதி உண்மையானது. பம்ப் அழுக்கேறி ஓட்டம் குறையும்போது ஒரு படி ஏற்றி ஈடுகட்டலாம். கேட் வால்வ் வைத்து அமைதியாக ட்யூன் செய்த சைஃபன் ஓவர்ஃப்ளோ இருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

மின்சாரம் மிச்சம் என்ற வாதத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஏற்க வேண்டும். இங்கே சிங்கப்பூரில் யூனிட் சுமார் 30 காசு (சென்ட்). 80 வாட் பம்ப் மாதம் 57 யூனிட், அதாவது 17 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 35 வாட் டிசி 7, 8 வெள்ளி. தண்ணீருக்குள் இருக்கும் பம்பின் வாட் அநேகமாக முழுவதும் சூடாக மாறித் தண்ணீரில்தான் கலக்கும், அதைச் சில்லர் வெளியேற்ற வேண்டும். அதற்கு இன்னொரு மூன்றில் ஒரு பங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவில் வருடத்துக்கு 120 வெள்ளிக்கு மேல் மிச்சம், சந்தேகமில்லை. ஆனால் 45 வாட் சிங்க்ராவை 30 வாட் டிசியால் மாற்றினால் மாதம் 3 வெள்ளிதான் மிச்சம். ஒரு கன்ட்ரோலர் கருகினால் பல வருட மிச்சம் அதில் போய்விடும். சின்ன, நடுத்தரத் தொட்டிகளில் மின்சாரத்துக்காக டிசிக்குப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய தொட்டிகளில் உண்டு.

பேட்டரியில் ஓட்டலாம் என்பதற்காகவும் சிலர் டிசி ரிட்டர்ன் வாங்குகிறார்கள். கரண்ட் போன நேரத்தில் மீனுக்கு வேண்டியது மேற்பரப்பு அசைவு. அதை 10 வாட் வேவ்மேக்கரோ பேட்டரி ஏர்பம்போ ரிட்டர்ன் பம்பைவிடப் பல மடங்கு நேரம் தரும். பேட்டரியை அதற்கு வையுங்கள். ஏசி பம்பை மலிவான இன்வெர்ட்டரில் ஓட்ட முயலாதீர்கள். அலைவடிவம் சரியில்லாவிட்டால் பம்ப் உறுமும், சூடாகும்.

வெளியில் வைக்கும் பம்ப், விலை உயர்ந்த பம்ப்

ஜப்பானின் இவாக்கி போன்றவை சம்புக்கு வெளியே உட்காரும். மோட்டாரின் சூடு காற்றில் போவதால் சில்லருக்கு நிம்மதி. ஆனால் சம்பில் ஓட்டை போட வேண்டும், விசிறிச் சத்தம் வரும், சேர்மானத்தில் கசிந்தால் சம்பே காலியாகும். ஆயிரம் லிட்டருக்கு மேல், தனி அறையில் சம்ப் வைப்பவர்களுக்கு இது நியாயம். வீவக (அரசு வீடமைப்பு) அடுக்குமாடியில் நாலடித் தொட்டிக்கு வேண்டாம்.

ஜெர்மனியின் ரெட் டிராகன், அபிஸ் இரண்டும் கட்டுமானத்தில் தனி வகுப்பு. அபிஸ் விலை ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். அருமையான பொறியியல், இரண்டுமே ஓடுவது காதுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒன்றை மட்டும் வாங்கி ஸ்பேர் இல்லாமல் ஓட்டினால், அது நிற்கும் அன்றைக்கு ஜெர்மனிக்குப் போய் வரும் வரை தொட்டி என்ன செய்யும்? இவற்றை வாங்க முடிந்தவர்கள் ஒரு சாதாரண ஏசி பம்பைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று பெரிதா, இரண்டு சின்னதா?

பிராண்டைவிட இந்த முடிவு முக்கியம் என்பது என் எண்ணம். 2000 லிட்டர் வேண்டும் என்றால் ஒரே பம்பில் எடுக்கலாம், ஆயிரம் ஆயிரமாக இரண்டிலும் எடுக்கலாம். இரண்டில் ஒன்று நின்றால் தொட்டிக்குப் பாதி ஓட்டம் மிஞ்சும். சில்லரின் குளிர்ச்சி மேலே போய்ச் சேரும், ஸ்கிம்மர் வேலை செய்யும், நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் தொட்டி காத்திருக்கும். ஒரே மாடலாக இரண்டு வாங்கினால் ஒரு ஸ்பேர் இம்பெல்லர் இரண்டுக்கும் பொது. கழுவும்போதும் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்.

இதில் செய்யக்கூடாதது, இரண்டையும் டீ (T வடிவ இணைப்பு) போட்டு ஒரே குழாயில் சேர்ப்பது. ஒன்று நின்றதும் மற்றது தள்ளும் தண்ணீர் நின்றதன் வழியாகச் சம்புக்கே திரும்பிவிடும். தொட்டியின் இரண்டு மூலைக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி நாசில். இடம், இரண்டாவது ஓட்டை, இன்னொரு வயர் என்று செலவு உண்டு. ஏற்கெனவே ஒரே ஓட்டையோடு தொட்டி வாங்கிவிட்டவர்கள் அதற்காகக் கண்ணாடியைத் துளைக்கப் போக வேண்டாம். அவர்களுக்கு ஸ்பேர் பம்ப் போதும்.

எத்தனை பம்ப் ஆனாலும் அவை நிற்கும்போது தண்ணீர் பின்னோக்கி வரும் என்பதை மறக்கக் கூடாது. நாசில் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவும் சைஃபனாகச் சம்புக்கு இறங்கும். நம் நாலடித் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 7 லிட்டர். நாசில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 36 லிட்டர், ஓவர்ஃப்ளோவிலும் குழாய்களிலும் இருப்பது அதற்கு மேல். சம்பில் அவ்வளவு காலியிடம் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வை நம்பி இடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு குட்டி நத்தையோ ஊதாப் பாசிப் படலமோ போதும், வால்வ் முழுதாக மூடாது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அந்தத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளத்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள். சட்டத்தோடு முடிகிற விஷயமும் அல்ல, அந்தத் திட்டுகள் ஏற்கெனவே வெளுத்துத் தவிக்கின்றன. மீன் மட்டும் உள்ள கடல்நீர்த் தொட்டிக்கும் இங்கே சொன்ன பம்ப் கணக்கு அப்படியே பொருந்தும்.

நான் எதை வாங்குவேன்?

300 முதல் 500 லிட்டர் வரை, சத்தம் ஒரு சின்ன முனகல் இருந்தால் பரவாயில்லை என்றால்: இரண்டு ஓட்டை இருக்கும் பட்சத்தில், உங்கள் உயரத்தில் தேவையான ஓட்டத்தில் பாதியைத் தரும் சின்ன ஏசி இரண்டு. ஒரே ஓட்டை என்றால் சிங்க்ரா 3.0 அல்லது ஈஹைம் 1262 ஒன்று, ஸ்பேர் இம்பெல்லர் செட் ஒன்று. இரண்டில் ஈஹைம் கட்டுமானம் உறுதி, சிங்க்ரா வாட் குறைவு. சில்லரும் அதே லைனில் என்றால் ஈஹைம்.

தொட்டி படுக்கையறையில் இருந்தாலோ, 600 லிட்டருக்கு மேல் போனாலோ, வீட்டில் சின்னப் பிள்ளைகள் சம்பில் கை விடும் வயதில் இருந்தாலோ: டிசி. நடுத்தர விலையில், உள்ளூரில் கன்ட்ரோலர் ஸ்டாக் உள்ள பிராண்டாகப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் பழைய வேகத்திலேயே தானாகக் கிளம்புகிறதா என்று கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சில மாடல்கள் எல்லாவற்றையும் மறந்து தொழிற்சாலை வேகத்துக்குப் போகும், சில யாராவது பொத்தானை அமுக்கும்வரை சும்மா இருக்கும். பின்னதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஜெபாவ் மாதிரி மலிவு டிசி ஒன்றுதான் பட்ஜெட்டில் வருகிறது என்றால் அதிலும் தவறில்லை, ஒரே மாடலில் இரண்டாக வாங்க முடிந்தால். ஒன்று தண்ணீரில், ஒன்று பெட்டியில்.

எதை வாங்கினாலும் பம்புக்கு மேலே குழாயில் ஒரு யூனியன் போட்டு, திருகிக் கழற்றும்படி மாட்டுங்கள். பசை போட்டு ஒட்டிய பம்பைக் கழுவ யாருக்கும் மனது வராது. கடையில் பணம் கொடுப்பதற்கு முன், "இதற்கு இம்பெல்லர் தனியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். வரவழைத்துத் தருகிறேன் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். உள்ளே போய் எடுத்து மேசைமேல் வைத்தால் இரண்டையும் சேர்த்து பில் போடச் சொல்லுங்கள்.